சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் காட்டலாமா? பள்ளிப் பிள்ளைகளுக்குச் சினிமா சொல்லித் தருவது பற்றி

வைகைக்கரை:
அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா என்று மாதம் ஒரு படம் காட்டுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் படம் முடிந்ததும் கதை என்ன, கருத்து என்ன என்பதோடு பேச்சு நின்றுபோகிறது, அழுகை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் உட்காருகிறேன். ஒரு காட்சியை முதலில் சத்தமில்லாமல் காட்டுவேன், அப்புறம் திரையை மறைத்துச் சத்தம் மட்டும், கடைசியில் இரண்டும் சேர்த்து. பிரித்துப் பார்த்தால்தான் கேமரா செய்யும் வேலை எது, இசை செய்யும் வேலை எது என்று பிடிபடும். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் தொடங்க வேண்டும்.

பழைய ஆப்பரேட்டர்:
தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது, முறைதான் ஒப்பவில்லை. சத்தத்தை அணைத்தால் மிச்சம் இருப்பது பாதிப் படம் இல்லை, வேறொரு படம். பேசாப்பட காலத்தில்கூடக் கொட்டகையில் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தார்கள். இன்னொன்று, பள்ளி புரொஜெக்டரோடு வரும் சின்ன ஸ்பீக்கரில் வசனமும் பாட்டும்தான் கேட்கும், அடியில் ஓடும் காற்று, தூரத்து நாய்க் குரைப்பு, மோட்டார் உறுமல் எதுவும் வராது. அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை "சோகம் இசையில் இருக்கிறது" என்று எழுதும், நீங்களும் சரி போடுவீர்கள். முதலில் ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கப் பாருங்கள்.

வைகைக்கரை:
ஸ்பீக்கர் விஷயம் சரிதான் அண்ணே, தலைமையாசிரியரிடம் கேட்கிறேன். ஆனால் படம் தனியாக என்ன செய்யும் என்று தெரிய வேண்டாமா? ரஷ்யாவில் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் 1920ஐ ஒட்டிச் செய்த சோதனை இருக்கிறதே. ஒரே நடிகரின் சலனமில்லாத முகம், அதன் பக்கத்தில் ஒருமுறை சூப்புக் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டி. பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் அந்த முகத்திலேயே கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. இதை என் பிள்ளைகள் செல்போனிலேயே எடுத்தார்கள்: வகுப்புத் தோழியின் முகம், அடுத்து காலி டிபன் டப்பா. அதே முகம், அடுத்து பூட்டிய வீடு. எந்த இசையும் வைக்கவில்லை, வகுப்பே அமைதியாகிவிட்டது.

தமிழ் டீச்சர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பிள்ளைகளுக்கு இதெல்லாம் ரஷ்யாவிலிருந்துதான் வர வேண்டுமா? அகத்திணை பாடத்திலேயே இருக்கிறது. பாலைக்கு நண்பகல், பிரிவு. முல்லைக்கு மாலை, காத்திருப்பு. நிலமும் பொழுதும் முன்னால் வருகின்றன, உணர்ச்சி அவற்றின் மேல் ஏறி உட்காருகிறது. கருப்பொருளில் தொல்காப்பியர் விலங்கு, மரம், பறவையோடு பறையையும் யாழையும் சேர்த்துத்தான் சொல்கிறார், அதாவது காட்சியும் சத்தமும் ஒரே பட்டியலில். நீங்கள் இரண்டையும் பிரிக்கிறீர்கள், அவர் பிரிக்கவில்லை. நான் ஆப்பரேட்டர் ஐயா பக்கம்.

எடிட்டிங் டேபிள்:
டீச்சர், எனக்கு அங்கேதான் பயம். "நண்பகல் என்றால் பிரிவு" என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்த பிள்ளை, "இருட்டு என்றால் பயம், வயலின் என்றால் சோகம்" என்றும் மனப்பாடம் செய்யும். பறையையே எடுத்துக்கொள்ளுங்கள், சாவுக்கும் அதே பறை, திருவிழாவுக்கும் அதே பறை. சத்தத்துக்கென்று நிலையான உணர்ச்சி கிடையாது, பக்கத்தில் என்ன படம் வைக்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கும்.

பழைய ஆப்பரேட்டர்:
யார் சொன்னது அதே பறை என்று? கருவி ஒன்று, அடி வேறு. சாவுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி. அந்த ஊரில் பிறந்தவன் நாலு தெரு தள்ளிக் கேட்டாலே எது என்று சொல்லிவிடுவான், அவனுக்குப் படமே வேண்டாம். அடிகளைக் கேட்டுப் பழகாதவனுக்கு இரண்டும் வெறும் கொட்டுதான். மேலூர்ப் பிள்ளைகள் இந்தக் காதோடு வகுப்புக்கு வருகிறார்கள், அதை விட்டுவிட்டுச் சத்தத்தை அணைத்துத் தொடங்கினால் எப்படி?

எடிட்டிங் டேபிள்:
அடி வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவு அடியைக் குழந்தை சிரிக்கும் முகத்தின்மேல் வைத்துப் பாருங்கள், வயிற்றைப் பிசையும். முகத்திலும் அது இல்லை, அடியிலும் இல்லை, இரண்டும் முரண்படும் இடத்தில் பிறக்கிறது. சேர்த்தும் பிரித்தும் பார்க்காமல் அதைப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? வைகைக்கரை செய்வது சரி, வரிசையை மட்டும் மாற்றலாம்: முதலில் முழுசாக ஒருமுறை பார்க்கட்டும், மனசில் பட்டதைச் சொல்லட்டும், அதற்குப் பிறகு பிரியுங்கள்.

தமிழ் டீச்சர்:
மனப்பாடம் ஆவது நாங்கள் நடத்தும் விதத்தால், பாடத்தால் இல்லை. சரி, ஓர் உதாரணம். 2024இல் வந்த கொட்டுக்காளி மதுரைப் பக்கத்துக் கதை, பின்னணி இசையே கிடையாது, நாயகி ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. ஆட்டோ இரைச்சலும் சேவலும் சுற்றியிருப்பவர்கள் பேச்சும்தான். அவளைச் சுற்றி எத்தனை பேர் சத்தமாக இருக்கிறார்கள் என்பதிலேயே அவள் கோபம் தெரிகிறது. இதில் சத்தத்தை அணைத்தால் அவள் மௌனமும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் மற்றவர்கள் பேசினால்தானே அது மௌனம்?

வைகைக்கரை:
டீச்சர், எட்டாம் வகுப்புக்கு அந்தப் படம் கனமானது, பதினொன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மௌனத்தைப் பற்றிச் சொன்னதற்குப் பதில் யோசிக்க வேண்டும். ஆனாலும் என் முறையை விடமாட்டேன். இசையோடு பார்த்தால் பிள்ளைகள் இசை சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள், அணைத்த பிறகுதான் ஒருத்தி "அந்த அம்மா கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள், சார்" என்று கவனித்துச் சொன்னாள்.

பழைய ஆப்பரேட்டர்:
நல்ல கண் அந்தப் பிள்ளைக்கு. அடுத்த வாரம் அவளிடம் செல்போனைக் கொடுத்து, காலி வகுப்பறையை ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்யச் சொல்லுங்கள். ஃபேன், ஜன்னல் கொக்கி, வெளியே பஸ் எல்லாம் விழும். பிள்ளைகள் எடுத்த அந்தத் தோழியின் முகக் காட்சிக்கு அடியில் இதை ஓடவிட்டு, நடுவில் பட்டென்று நிறுத்தச் சொல்லுங்கள். வகுப்பு என்ன சொல்கிறது என்று இங்கே எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.