பழைய இடங்களில் நடந்து, இன்னும் மனசை அரிக்கிற ஒரு சம்பவம்: பகிர்ந்துகொள்ளுங்கள்

மேலூர்_ரோடு

மதுரை பக்கம் மாங்குளம் மலை. மீனாட்சிபுரம் பக்கமிருந்து ஏறுற வழி இங்க பாதிப் பேருக்குத் தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். பாண்டிய ராஜா நெடுஞ்செழியன் பேர் வர்ற கல்வெட்டு இருக்கிற குகை. எனக்கு முன்னாடியே ஒரு குழு வந்திருந்தது. அவங்களைக் கூட்டிட்டு வந்தவர் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு எழுத்துக்குள்ளயும் விட்டுத் தேய்க்கிறார். போட்டோவில தெளிவா விழணுமாம். "கணி நந்தாசிரியன்"னு அதுல வர்ற சமணத் துறவி பேரை வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே தேய்க்கிறார். அவ்வளவு மரியாதை, அவ்வளவு ஆசை. அதுதான் எனக்குத் தாங்கல. பாறையில பேரைக் கிறுக்குற பசங்களைச் சத்தம் போட்டு விரட்டிடலாம். இவரை என்ன சொல்லித் தடுக்கிறது?

"வேணாம்ணே"ன்னேன். "மழை பெஞ்சா போயிரும் தம்பி"ன்னார். குகைக்குள்ள தண்ணி வரக்கூடாதுன்னுதான் அந்தக் காலத்திலயே பாறை நெத்தியில காடி வெட்டி வச்சிருக்காங்க. அதுக்குக் கீழ இருக்கிற எழுத்தை எந்த மழை வந்து கழுவும்?

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

வைகை_வடகரை

மேலூர்_ரோடு, கொஞ்சம் பொறுங்க. இதே மாதிரி கல்வெட்டு இருக்கிற கொங்கர்புளியங்குளம் மலைக்கு எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். முட்டி வலியோட ஏறி வந்தவங்களுக்குப் பாறையில ஒண்ணுமே தெரியல. "எங்கடா எழுத்து, எங்கடா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பக்கத்துல யாரோ முன்னாடி சாக்பீஸ் போட்டுட்டுப் போன ரெண்டு எழுத்து மட்டும் பளிச்சுன்னு இருந்தது. அம்மா அதைப் பார்த்துட்டாங்க. அப்புறம் பேசவே இல்லை, அப்படியே உக்காந்துட்டாங்க. மதுரையிலயே பிறந்து வளர்ந்தவங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தமிழை அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தாங்க. அந்த சாக்பீஸ் போட்டவன் மேல எனக்குக் கோபம் வரமாட்டேங்குது.

மைப்படி

வைகை_வடகரை, உங்கம்மா பார்த்தது கல்லுல உள்ள எழுத்தைத்தான்னு எப்படிச் சொல்றீங்க? சாக்பீஸ் போட்டவர் எதை எழுத்துன்னு நினைச்சாரோ அதைப் பார்த்திருக்காங்க. நான் ஒரு குகையில நேர்ல பார்த்தேன். பாறை பொரிஞ்ச ஒரு கீறலையும் சேர்த்துத் தேய்ச்சு, 'ம'வை வேற எழுத்தா மாத்தி வச்சிருந்தாங்க. அந்தப் போட்டோதான் இப்ப எல்லார் போன்லயும் சுத்துது. அடுத்து வர்றவனும் அதே கோட்டு மேல தேய்க்கிறான்.

எழுத்து தெரியணும்னா ஒண்ணுமே பூச வேண்டாம். வெயில் சாய்வா விழுற நேரத்துல போங்க, காலையில சீக்கிரம் இல்லைன்னா சாயங்காலம். குகைக்குள்ள வெளிச்சம் வராதா? போன் டார்ச்சைப் பாறையை ஒட்டின மாதிரி பக்கவாட்டில பிடிங்க. நேரா அடிச்சா எல்லாம் ஒரே வெள்ளையாத் தெரியும். பக்கவாட்டில அடிச்சா வெட்டுன பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து எந்திரிச்சு நிக்கும். டார்ச்சை இடம் மாத்தி மாத்தி நாலஞ்சு படம் எடுங்க, ஏன்னா படுக்கைக் கோடு ஒரு பக்க வெளிச்சத்துல தெரியும், நிமிர்ந்த கோடு இன்னொரு பக்க வெளிச்சத்துலதான் தெரியும். ஈரத்துணி, எண்ணெய், தண்ணி எதுவும் கூடாது. நீங்களா காகிதம் ஒட்டிப் படியெடுக்கவும் போகாதீங்க, அது தொல்லியல் துறை ஆட்கள் பழகிச் செய்யுற வேலை. அம்மாவை இன்னொரு தடவை கூட்டிட்டுப் போங்க, டார்ச்சோட.

அழகர்மலைக்_காத்து

நான் அரிட்டாபட்டிக்காரி. குடைவரைச் சிவன் கோயில் இருக்கு, லகுலீசர் சிலை இருக்கு, கழிஞ்சமலையில தமிழி, அதான் அந்தப் பழைய தமிழ் எழுத்து, இருக்கு. 2022-ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க. 2024-ல அதே பக்கத்துல டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டாங்க. அதை எதிர்த்து நரசிங்கம்பட்டியில இருந்து மதுரைக்கு நடந்த அன்னைக்கு எனக்கு முன்னாடி ஒரு அப்பத்தா. செருப்பு இல்லை. தார் ரோடு கொதிக்குது. "ஏத்தா, வண்டியில ஏறிக்க"ன்னா ஏறமாட்டேங்குது. "எங்க சாமி இருக்குற மலைய வெட்டப் போறாய்ங்கன்னு வந்தேன், வண்டியில போயி சொன்னா எவன் கேப்பான்"னுச்சு. 2025 ஜனவரியில ஏலம் ரத்து.

அந்த அப்பத்தாவுக்குக் கல்வெட்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. நீங்க சாக்பீஸா டார்ச்சான்னு பேசுறது சரிதான், பேசுங்க. ஆனா மலைக்கு வர்றப்போ ஊருக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறுங்க. ஆடு மேய்க்கிற எங்க ஆளுக தினமும் மேலதான் இருக்காங்க. கூட ஒருத்தர் வந்தா யாரும் சாக்பீஸை வெளிய எடுக்க மாட்டாங்க.

தெற்குமாசி_மருமகள்

மலையெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டைப் பத்தி எழுதுறேன். தெற்கு மாசி வீதியை ஒட்டின சந்து. வாசல்ல திண்ணை, உள்ளே முற்றம், தேக்குத் தூண். சித்திரைத் தேர் அன்னைக்கு எங்க திண்ணையில ஒரு கூட்டமே இருக்கும். வித்தாச்சு, இடிச்சாச்சு.

மனசை விட்டுப் போகாம நிக்கிறது ஒண்ணுதான். மரம் வாங்குற ஆள் அளவெடுக்க வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அத்தை வழக்கம்போல நிலைப்படிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சுக்கிட்டிருந்தாங்க. அந்த ஆள் டேப்பை நிலை மேல பிடிச்சுக்கிட்டு, அத்தை கை நகரட்டும்னு பேசாம நின்னார். அவர் தப்பா ஒண்ணும் செய்யல. அத்தையும் அவசரப்படல. கடைசிப் பொட்டு வரைக்கும் வச்சு முடிச்சுட்டு, "நீங்க பாருங்கப்பா"ன்னு நகர்ந்தாங்க. அந்த நிலை இப்ப எந்த ஹோட்டல் வாசல்ல நிக்குதோ.

சுண்ணாம்புக்காரர்_மகன்

அக்கா, படிச்சதும் மனசு கேக்கல. இடிக்கிற வீடு முக்கால்வாசி சிமெண்ட்டாலதான் சாகுது. எங்கப்பா காலத்துல ஒழுகுற மெட்ராஸ் டெரஸுக்கு (மர உத்திரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம்) சிமெண்ட் பூசுங்கன்னு யாராவது சொன்னா அவர் அந்த வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில்ல வெளிய விடும். மேல சிமெண்ட் பூசிட்டா ஈரம் உள்ளேயே நிக்கும், உப்புப் பூக்கும், செங்கல் மாவா உதிரும், உத்திரத்து முனை சுவருக்குள்ளேயே இத்துப்போகும். வெளிய பார்த்தா வழவழன்னு இருக்கும், உள்ளே வீடு செத்துக்கிட்டிருக்கும்.

சரியான வழி என்னன்னா, மேல பதிச்ச தட்டோட்டை, அதான் தட்டையான ஓட்டை, எடுத்துட்டு, பழைய காரையில செத்ததை மட்டும் கொத்தணும். கல்சுண்ணாம்பைத் தண்ணி விட்டுத் தாளிச்சு நாள்கணக்கில ஊறப்போடணும். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோட ஊறவச்ச தண்ணியை விட்டுத்தான் காரையை அரைக்கணும். கடுக்காய்த் தண்ணி இருந்தா வெடிப்பு விடாது. பூசினதும் மரக்கட்டையால அடிச்சுக்கிட்டே இருக்கணும், அதுதான் பெரிய வேலை. அதுமேல தட்டோடு. திருமலை நாயக்கர் மகால்ல தூணைத் தொட்டுப் பாருங்க, 1636-ல கட்டினது, முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைச்ச சுண்ணாம்பு. இன்னும் கை வழுக்குது. வீட்டுக்கு முட்டையெல்லாம் வேண்டாம், கடுக்காயே போதும். மழைக்காலத்துல வேலையைத் தொடங்காதீங்க. பூசினதைச் சாக்கு போட்டு நனைச்சு வச்சாத்தான் இறுகும்.

தெற்குமாசி_மருமகள்

தம்பி, நல்ல மனசோடதான் எழுதியிருக்கீங்க. ஆனா எங்க வீடு ஒழுகல. மாமா பூசின காரை கடைசி வரைக்கும் கல்லு மாதிரி இருந்தது. பாகம் பிரிச்சாங்க. ஆறு பங்கு. முற்றத்தை எப்படி ஆறா வெட்டுறது? மதுரைக்குள்ள போற வீடெல்லாம் முக்காவாசி இப்படித்தான் போகுது. அதுக்கு எந்தக் கடுக்காய்த் தண்ணியும் கிடையாது. பங்காளிக சேர்ந்து வாடகைக்கு விடலாம், கொஞ்சப் பேர் சேர்ந்து ஒருத்தர் பங்கை வாங்கலாம்னு அப்ப யாராவது உக்காந்து பேசியிருந்தா இன்னைக்கு நிலை வாசல்ல நின்னிருக்கும். யாரும் பேசல.

வெளிவீதி

ஒண்ணு சொல்றேன். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி ராத்திரி மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம் எரிஞ்சப்போ நான் கீழச்சித்திரை வீதியில நின்னேன். கல்லு வெடிக்கிற சத்தம் கேட்டது. கருங்கல் வெடிக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. கடைகள் இருந்த இடம் அது. மண்டபம்னா மண்டபமாத்தான் இருக்கணும், கோயிலுக்கு எதிர்ல கடைகள் இருந்த புதுமண்டபத்தையும் காலி பண்ணினது ரொம்பச் சரி.

தையக்கடை_மகள்

வெளிவீதி சார், தீ எங்களுக்கும் வயித்தைக் கலக்குச்சு. காலி பண்ணச் சொன்னது சரின்னு எங்கப்பாவே சொல்வார். குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிட்டோம். ஆனா "கடைக்காரன்தான் கெடுத்தான்"னு வர்றப்போ ஒண்ணு சொல்லியாகணும். அப்பா மெஷின் கிடந்தது ஒரு யாளித் தூணோட காலடியில. ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் முதல் வேலை, அந்த யாளியோட நகத்துக்கு இடையில சேர்ந்த நூல்பிசிறை ஈர்க்குச்சியால எடுக்கிறது. யாரும் சொல்லிச் செய்யல. சின்ன வயசுல நாங்க கைவச்சா அடி விழும். காலி பண்ற அன்னைக்கு மெஷினை வண்டியில ஏத்திட்டுத் திரும்ப உள்ள போனார். நான் பின்னாடியே போனேன். ஈர்க்குச்சியோட குனிஞ்சிருந்தார். இனிமே யார் எடுப்பாங்கன்னு என்னைக் கேட்டார்.

ஆணி அடிச்சவங்களும் இருந்தாங்க, இல்லைன்னு சொல்லல. அவங்களையும் எங்கப்பாவையும் ஒரே கணக்குல எழுதாதீங்க.

வெளிவீதி

எழுதல அம்மா. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

பத்துத்தூண்_சந்து

ரெண்டு வரி. நாயக்கர் அரண்மனையில இடிஞ்சுபோன ஒரு பகுதியில மிஞ்சின பத்துத் தூணும் எங்க ஜவுளிக்கடைச் சந்துக்குள்ள நிக்குது. வெளியூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்து, தூணுக்கு அடியில நின்னுக்கிட்டு என்கிட்டயே "அண்ணா, பத்துத்தூண் எங்கே இருக்கு?"ன்னு கேட்டது. சேலைக்கட்டும் பேனரும் மறைச்சிருந்தது. மேலே கையைக் காட்டினேன். அன்னைக்கே எங்க கடை பேனரை மட்டும் கழட்டிட்டேன். பக்கத்துக் கடைக்காரங்ககிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்.

சிம்மக்கல்_வாடகைவீடு

சுண்ணாம்புக்காரர்_மகன், எங்க வீடு நிஜமாவே ஒழுகுது. மெட்ராஸ் டெரஸ், அடுப்படி மூலையில மட்டும். வீட்டுக்காரம்மா சிமெண்ட் ஆளுக்குச் சொல்லிட்டாங்க, அடுத்த வாரம் வர்றார். நிறுத்தச் சொன்னா கேப்பாங்க, ஆனா கையில ஆள் இருக்கணும்.

சுண்ணாம்புக்காரர்_மகன்

நிறுத்துங்கக்கா. அப்பா இருக்கார், ஏணி ஏற முடியாது, ஆனா கீழ நின்னு சொல்வார். கூட வேலை பார்த்த ரெண்டு பேர் திருப்புவனத்துல இருக்காங்க. மூலையோட போட்டோவும் மேல தட்டோட்டோட போட்டோவும் தனிச் செய்தியில அனுப்புங்க. உத்திரம் சுவருக்குள்ள போற இடத்தைத் திருப்புளியால குத்திப் பாருங்க, உள்ள இறங்குதான்னு. அதை முதல்ல சொல்லுங்க.