பழைய ஓரங்குலத் தாளில் இருக்கும் ஊர் இன்று இல்லை: எங்கே, எப்படித் தேடுவது?

வைகைமணல்:
வணக்கம். மானாமதுரைக்குத் தெற்கே உள்ள சில ஊர்களின் வரலாற்றைத் தொகுத்து வருகிறோம். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஓரங்குலத் தாள் (58 கே/6, மைலுக்கு ஓரங்குலம், அதாவது அளவு 1:63,360) ஸ்கேனாகக் கிடைத்தது. அதில் ஒரு கண்மாய்க்கு மேற்கே சிறு குடியிருப்பு ஒன்று பெயரோடு இருக்கிறது. இன்று அங்கே சீமைக்கருவேலம்தான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் கண்மாய்க் கரையே நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழுகிறது. இதைச் சரிசெய்வது எப்படி? ஊர் எப்போது காலியானது என்று எந்தப் பதிவேட்டில் பார்க்கலாம்?

அளவைச்சங்கிலி:
முதலில் விலகலைத் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தவறான மேட்டில் போய் நிற்பீர்கள். பழைய தாள்கள் எவரெஸ்ட் ஸ்பீராய்டு என்ற பழைய புவி வடிவக் கணக்கை ஒட்டியவை. செயற்கைக்கோள் படம் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில் இருக்கும். மாற்றாமல் வைத்தால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளும்.

ஜியோரெஃபரன்சரில் (ஸ்கேனை ஆயத்தொலைவோடு பொருத்தும் கருவி) தாளின் ஆயத்தொலைவு அடிப்படையை இபிஎஸ்ஜி எண் 4146 (காலியான்பூர் 1975) என்று கொடுங்கள். 15 நிமிடத் தாளில் 5 நிமிடத்துக்கு ஒரு கோடு, ஓரங்களையும் சேர்த்து 16 சந்திப்புகள். பதினாறையும் குறியுங்கள், நான்கு மூலை போதாது, பழைய தாள் ஒரே சீராகச் சுருங்கியிருக்காது. 9 பாகை 35 நிமிடம் என்பதை 9.583333 என்று எழுத வேண்டும். 9.35 என்று அடிப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. பொருத்தும் முறைக்கு முதல்படி பாலினோமியல் போதும். 300 டிபிஐ ஸ்கேனில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 5.4 மீட்டர், எந்தப் புள்ளியிலாவது எச்சம் (பொருத்திய பின் மிஞ்சும் விலகல்) நாலைந்து பிக்சலைத் தாண்டினால் அந்த எண்ணைத் திரும்பப் பாருங்கள். தின் பிளேட் ஸ்ப்லைன் வேண்டாம். அது எல்லாப் புள்ளியையும் இழுத்துப் பொருத்தி, தட்டச்சுப் பிழையைக்கூட மறைத்துவிடும்.

பிறகு டபிள்யூஜிஎஸ் 84 திட்டத்தில் திறக்கும்போது எந்த மாற்றம் தேர்வாகியிருக்கிறது என்று கவனியுங்கள். 'பால்பார்க்' (தோராயம்) என்றிருந்தால் மாற்றமே நடக்கவில்லை, பழைய விலகல் அப்படியே நிற்கும். கடைசியாக, இடம் மாறாத கோவில், ரயில் பாலம், கலுங்கு (கண்மாயின் உபரிநீர் வழி) என மூன்று நான்கில் ஒப்பிடுங்கள். எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் தாளில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 32 மீட்டர். ஊர் இருந்த இடத்தைத் தேட இது போதும். வேலித் தகராறுக்கு உதவாது.

இதைவிடப் பழைய, நான்கு மைலுக்கு ஓரங்குல இந்தியன் அட்லஸ் தாள் கிடைத்தால் ஓரக் குறிப்பைப் படிக்காமல் தொடாதீர்கள். மெட்ராஸ் வானாய்வகத்தின் பழைய தீர்க்கரேகை மதிப்பை வைத்து வரைந்த தாள்களில் 2 நிமிடம் 27 விநாடியைக் கழிக்க வேண்டும். நம் அட்சத்தில் அது கிட்டத்தட்ட நாலரைக் கிலோமீட்டர்!

ஊருணி:
தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் தனித்தனியாக இருக்கும். உங்கள் ஊருக்குச் சாட்சி அளந்த ஆண்டுதான். மறுபதிப்பில் சாலையை மட்டும் திருத்திவிட்டு மற்றதைப் பழையபடியே விட்டிருப்பார்கள். ஆகவே பிந்தைய பதிப்பில் ஊர் இருப்பதை வைத்து 'அப்போதும் ஆள் இருந்தார்கள்' என்று எழுதிவிட வேண்டாம்.

அடுத்து குறி விளக்கம். குடியிருக்கும் ஊருக்கும் கைவிட்ட ஊருக்கும் வேறு வேறு குறி. நிலையான குடிசைக்கும் தற்காலிகக் குடிசைக்கும் வேறு வேறு குறி. உங்களுடையது எது என்று உருப்பெருக்கிப் பாருங்கள். தற்காலிகக் குடிசை என்றால், காலியான ஊரைத் தேடுவதில் அர்த்தமில்லை. கரையை ஒட்டி எண்ணோடு ஆங்கில 'ஆர்' எழுத்து இருந்தால் அது தரையிலிருந்து கரையின் உயரம்: ஓரங்குலத் தாளில் அடிக் கணக்கு, 1:50,000 தாளில் மீட்டர். 50 அடிக்கு ஒரு சமவுயரக் கோடு இந்தச் சமவெளியில் எதையும் சொல்லாது, இந்தச் சிறு எண்கள்தான் சொல்லும்.

நத்தமேடு:
பதிவேடுகளுக்கு வருகிறேன். அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கிராம வரைபடத்தில் கண்டுபிடியுங்கள். பழைய கிராம வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குலம், அதாவது 1:3,960. சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ தாளில் புள்ளியாக இருப்பது இதில் வயல் வயலாகத் தெரியும். பிறகு கிராமத்தின் புலங்களைப் பட்டியலிடும் அ-பதிவேடு. வீடே இல்லாத புலம் 'நத்தம்' (குடியிருப்பு நிலம்) என்று இருந்தால் அதைவிட நல்ல தடயம் வேறில்லை. பழைய புல எண்ணுக்கு அதிலேயே ஒரு கலம் உண்டு, அதை வைத்துப் பின்னோக்கிப் போகலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள்: சிவகங்கைச் சீமை ஜமீன் நிலம். ஜமீன் கிராமங்களுக்கு ரயத்துவாரி (உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் முறை) செட்டில்மென்ட் பதிவேடு 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் பார்ப்பதுபோல் 19ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டை இங்கே எதிர்பார்க்க முடியாது. இனாம் கிராமமாக (வரி நீக்கியோ குறைத்தோ கொடையாகத் தந்தது) இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1860களின் இனாம் பதிவேட்டையும் கேளுங்கள்.

எப்போது காலியானது என்பதற்கு 1951 முதலான மாவட்ட சென்சஸ் கையேடுகள். சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் பிரிந்தது, அதனால் 1981 வரை ராமநாதபுரத்தின் கீழ் தேட வேண்டும். அவை வருவாய்க் கிராமங்களைத்தான் பட்டியலிடும்; உட்கிடை ஊர் (வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கிய சிற்றூர்) தனியாக வராது.

வைகைமணல்:
மிக்க நன்றி. இது உட்கிடை ஊராகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் ஆண்டை எப்படி நெருங்குவது?

நத்தமேடு:
கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள். 1960 முதல் 1972 வரை எடுத்தவை, அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இலவசம். நல்ல படத்தில் கூரைகளும் ஒற்றையடிப் பாதைகளும் தெரியும். பாதைகள் அந்த இடத்தில் வந்து கூடினால் ஆள் இருந்த ஊர். பாதை விலகிப் போனால் அதற்கு முன்பே கலைந்துவிட்டது.

அதோடு, சுற்றியுள்ள ஊர்களில் 'அந்தக் காட்டுக்குள் யாருக்குக் குலசாமி?' என்று விசாரியுங்கள். குடி பெயர்ந்தாலும் கோவிலை விட்டிருக்க மாட்டார்கள், மாசிச் சிவராத்திரிக்கு எந்த ஊரிலிருந்து வண்டி வருகிறதோ அங்கே போய் இருக்கிறார்கள். மேட்டில் ஓட்டுத் துண்டும் செங்கல் துண்டும் கிடந்தால் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, ஆயத்தொலைவோடு மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குத் தெரிவியுங்கள். தோண்ட வேண்டாம்.