டி.எம்.எஸ் பீக்கில் ஒரு பக்கம் மட்டும் வால்: ஷிம் கோளாறா, சாம்பிள் கோளாறா?

கேள்வி
400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவி), 5 மி.மீ. ட்யூப், 350 மைக்ரோலிட்டர் டியூட்டரோகுளோரோஃபார்ம். ஆட்டோ ஷிம் (காந்தப் புலத்தைத் தானாகச் சீராக்கும் வசதி) இரண்டு முறை ஓட்டியும் டி.எம்.எஸ் (டெட்ராமெத்தில்சிலேன் என்ற குறிப்புச் சேர்மம்) பீக் அரை உயரத்தில் 2.5 ஹெர்ட்ஸ் அகலம். வலப்பக்கம் மட்டும் வால் நீள்கிறது. லாக் (கரைப்பானின் டியூட்டீரியம் சிக்னலைப் பிடித்துப் புலத்தை நிலையாக வைப்பது) ஆகிறது. ஸ்டாண்டர்ட் சாம்பிளில் இந்தத் தொல்லையே இல்லை. எங்கே தேடுவது?

பதில் 1
ஸ்டாண்டர்ட் ஒழுங்காக வந்தால் காந்தத்தையோ, புரோபையோ (ட்யூப் உட்காரும் பகுதி) சந்தேகப்பட வேண்டாம். அளவுதான் போதவில்லை. ட்யூபின் உள்விட்டம் ஏறத்தாழ 4.2 மி.மீ.; 350 மைக்ரோலிட்டர் அதில் 2.5 செ.மீ. உயரமே நிற்கும். திரவம் முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் காந்த ஏற்புத்திறன் (பொருள் எவ்வளவு காந்தமாகும் என்பது) சட்டென்று மாறும். அந்த எல்லை காயிலை (புரோபில் சிக்னலைப் பிடிக்கும் சுருள்) நெருங்கினால் புலம் அங்கே வளைந்துவிடும். ஆட்டோ ஷிம் அதை முழுக்க நேராக்காது.

கரைப்பான் சேர்த்து 600 ஆக்குங்கள், 4.3 செ.மீ. வரும். டெப்த் கேஜில் (ட்யூபின் ஆழத்தை அளந்து வைக்கும் கருவி) ட்யூபின் அடி அதிகபட்ச ஆழக் கோட்டைத் தாண்டவே கூடாது, புரோபில் இடிக்கும். சாம்பிளை நீர்க்கச் செய்ய முடியாதென்றால், திரவத்தின் நடுவைக் காயிலின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பதில் 2
ஒருபக்க வால் என்றால், ட்யூபின் நீளவாக்கில் புலத்தைத் திருத்தும் இசட் ஷிம்களில் இசட்-2, இசட்-4 ஆகிய இரட்டைப்படை ஷிம்கள். இருபுறமும் சமமாக அகன்றால் இசட்-1, இசட்-3. வால் பீக்கின் அடிமட்டத்தில் இருந்தால் இசட்-4, மேலே தோள்போலத் துருத்தினால் இசட்-2.

ஸ்டாண்டர்டில் சேமித்த ஷிம் கோப்பை ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். இசட்-4ஐ நகர்த்தினால் லாக் அளவு (லாக் சிக்னலின் உயரம்) முதலில் இறங்கும். பயந்து பின்வாங்காமல் இசட்-2, இசட்-1 இரண்டையும் மறுபடி சரிசெய்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பதில் 3
டி.எம்.எஸ் கூர்மையாக இருந்து சேர்மத்தின் பீக் மட்டும் அகன்றிருந்தால் ஷிம்மைத் தொடாதீர்கள். புரோட்டான் பரிமாற்றமோ, பாராகாந்த உலோகக் கலப்போ காரணமாகலாம். கரையாத துகள் மிதந்தால் பாஸ்டர் பிப்பெட்டில் கண்ணாடிப் பஞ்சு வைத்து வடிகட்டிவிடுங்கள். துகள் இருக்கும்வரை எந்த ஷிம்மும் நிலைக்காது.

கேட்டவர்
600 ஆக்கியதும் வால் போய்விட்டது, நன்றி. அடுத்த சாம்பிள் டியூட்டரோ அசிட்டோனில். அதே லாக் பவரில் (லாக்குக்கு அனுப்பும் ரேடியோ அலையின் வலிமை) லாக் அளவு மேலும் கீழும் ஆடுகிறதே?

பதில் 1
பவர் அதிகம். அசிட்டோனின் டியூட்டீரியம் மெதுவாகத் தளர்வதால் குளோரோஃபார்முக்கு வைத்த பவரே அதை நிறைவுறச் செய்துவிடும் (பவருக்கு ஏற்ப சிக்னல் வளராது). 6 டெசிபெல் குறைத்துப் பாருங்கள்: லாக் அளவு சுமார் பாதியாக வேண்டும். அவ்வளவு இறங்காவிட்டாலோ, இறங்கிவிட்டுத் தானாக ஏறினாலோ முன்பிருந்தது நிறைவுநிலைதான். இன்னும் குறைத்து, சிக்னலை லாக் கெயினில் (பெருக்க அளவு) ஏற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஷிம்.