சலெந்தோ: காற்றைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள்

பூட்ஸ் வடிவ இத்தாலியின் குதிகாலான சலெந்தோவில் பலரும் செய்கிற தவறு, ஒரே கடற்கரையில் அறை போட்டுவிட்டுத் தினமும் அங்கேயே இறங்குவது. கிழக்கே ஏட்ரியாட்டிக் கடல், மேற்கே அயோனியன் கடல். கிழக்குக் கரை ஒத்ராந்தோவிலிருந்து மேற்குக் கரை கல்லிப்போலி சுமார் 50 கி.மீ.தான். வடக்கிலிருந்து த்ரமொந்தானா காற்று அடித்தால் கிழக்குக் கரையில் அலை எகிறும். அன்று அயோனியன் கரையின் பெஸ்கொலூசே பக்கம் போய்விடுங்கள். தெற்கத்திக் காற்றான ஷிரோக்கோ என்றால் அயோனியன் கலங்கிவிடும், கிழக்குக் கரையின் தோர்ரே தெல்லோர்சோவில் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். அதனால் அறையை நடுவில், லெச்சேயிலோ மாலியேயிலோ போடுவது நல்லது.

*

காற்றைப் பார்த்துப் போவது சரிதான். கூடவே ரப்பர் செருப்பும் வேண்டும். ஒத்ராந்தோவைச் சுற்றிப் பாறைக் கரைதான் அதிகம், இடுக்குகளில் கடல் முள்ளெலி இருக்கும். கரையில் பழுப்பாகக் குவிந்து கிடப்பது குப்பை இல்லை, பொசிடோனியா என்ற கடற்புல்லின் இலை. மணலை அலை அரிக்காமல் காப்பதே அதுதான். குடையும் சாய்வு நாற்காலியும் வரிசையாக நின்றால் அது கட்டணக் கரை. முன்வரிசைக்கு விலை கூடும். 'ஸ்பியாஜ்ஜா லீபெரா' என்ற பலகை இருந்தால் துண்டை விரித்து இலவசமாக உட்காரலாம்.

*

கார் எடுப்பவர்களுக்கு: பழைய நகர வாசலில் 'வார்கோ ஆத்தீவோ' என்று மின்பலகையில் வந்தால் 'வழி திறந்திருக்கிறது' என்று நினைத்து நுழைந்துவிடாதீர்கள். கேமரா வேலை செய்கிறது, அனுமதி இல்லாத வண்டி நுழையக்கூடாது என்று பொருள். 'நோன் ஆத்தீவோ' என்றால்தான் போகலாம். அபராதம் மாதக்கணக்கில் கழித்து வரும். வாடகைக் கம்பெனி தன் பங்குக்குத் தனிக் கட்டணமும் போடும்.

*

கடல் அலுத்தால் வடக்கே இத்ரியா பள்ளத்தாக்கு. 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அல்பெரொபெல்லோவில் பகலில் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம்; காலை ஒன்பதுக்குள் பார்த்துவிட வேண்டும். அங்குள்ள ட்ரூல்லோ என்ற கல் வீட்டின் கூம்புக் கூரையில் சாந்தே கிடையாது. உள்ளே கல் வளையம் மேலே போகப்போகக் குறுகும்; வெளியே மெல்லிய சுண்ணாம்புக் கல் தகடுகளை மழை வழிந்தோடும்படி அடுக்கியிருப்பார்கள். தடித்த சுவரால் வெயில் நாளில் குளுமை, குளிர்காலத்தில் ஈரம். துவைத்த துணி காயாது.

ரயிலில் போவதானால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், சேவை மிகக் குறைவு. காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் எந்திரத்தில் முத்திரை குத்தாவிட்டால் அபராதம்.

மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஊரே கதவடைத்துக் கிடக்கும். அதே பள்ளத்தாக்கிலுள்ள சிஸ்தெர்னீனோ ஊருக்கு இருட்டிய பிறகு போங்கள். இறைச்சிக் கடையிலேயே கறியைக் காட்டினால் எடை போட்டு, அங்கேயே சுட்டு மேசைக்குக் கொண்டுவருவார்கள். பன்றிக் கழுத்துக்கறிக்குள் சீஸ் வைத்துச் சுருட்டிய பொம்பெத்தேவைக் கேளுங்கள். விலை கிலோ கணக்கு. எடை போடும்போதே கண்ணை வையுங்கள்.