பள்ளத்தூர் வீடு: முத்துவின் மலையேற்றச் சைக்கிள்

சனிக்கிழமை

முத்து (காலை 7:10): எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் ஏற்காட்டில் நடக்கும் மலையேற்றச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்துவிட்டேன். மதுரையில் ஒருவர் பழைய கார்பன் ரோடு பைக்கை, அதாவது சாலைச் சைக்கிளை, 45,000க்குத் தருகிறார். எடை 8 கிலோதான். காரைக்குடியில் புது அலுமினிய பைக் ஒன்றும் பார்த்தேன். 10 கிலோ, விலை கொஞ்சம் கூட. சேலம் அண்ணே, நீங்கள் சரி என்றால் இன்றைக்கே மதுரைக்குக் கிளம்பிவிடுவேன்.

சேலம் அண்ணன் (7:18): கிளம்பாதே, இரு. முன்பக்கப் பல்சக்கரம் இரண்டிலும் எத்தனை பல், பின்னால் கேசட்டில் (பல்சக்கர அடுக்கில்) பெரியதில் எத்தனை பல் என்று முதலில் கேள். எடையை அப்புறம் பார்க்கலாம்.

முத்து (7:41): கேட்டுவிட்டேன். முன்னால் 53, 39. பின்னால் 11-25. மற்றதில் முன்னால் 50, 34. பின்னால் 11-34. டிஸ்க் பிரேக்.

சேலம் அண்ணன் (7:55): அப்படியென்றால் கார்பனை விட்டுவிடு. கணக்கைச் சொல்கிறேன், பார். ஏற்காட்டில் உன்னை மாதிரி முதல்முறை ஏறுகிறவர் மணிக்கு 8 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். 39-25 கியரில் (முன்னால் 39 பல், பின்னால் 25) அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 40 சுற்றுதான் மிதிப்பாய். ஒவ்வொரு மிதியும் நின்று அழுத்த வேண்டியிருக்கும், ஐந்தாவது வளைவு வருவதற்குள் முழங்கால் பேசும். 34-34 என்றால் அதே வேகத்தில் 60 சுற்றுக்கு மேல் வரும். உட்கார்ந்தபடியே ஏறலாம்.

முத்து (7:58): ஆனால் 2 கிலோ வித்தியாசம் பெரிசு இல்லையா அண்ணே?

சேலம் அண்ணன் (8:06): நீ, சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 80 கிலோ வரும். அதில் 2 கிலோ என்பது நூற்றுக்கு இரண்டரை. இரண்டு மணி நேர ஏற்றத்தில் மூன்று நிமிடம் போகும், அவ்வளவுதான். கியர் பத்தாமல் இறங்கித் தள்ளினால் அரை மணி நேரம் போய்விடும்.

முத்து (8:09): கார்பனையே வாங்கி கியரை மட்டும் மாற்றினால்?

சேலம் அண்ணன் (8:15): அந்தக் கிராங்கில் (பெடல் மாட்டும் கையில்) முன் பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்கள் பெரும்பாலும் 130 மி.மீ. வட்டத்தில் இருக்கும். அதில் 38 பல்லுக்குக் கீழே ஏறாது. செயினைப் பல் மாற்றும் பின் டெரெய்லரும் குட்டைக் கூண்டாக இருந்தால் 34 பல்லைத் தாங்காது. கிராங்க், டெரெய்லர், கேசட், செயின் எல்லாம் மாற்றினால் புது பைக் விலையே வந்துவிடும்.

தேவகோட்டை அம்மான் (8:32): தம்பி, நம் ஊரில் மலை எங்கே இருக்கிறது, எப்படிப் பழகுவாய்? குன்றக்குடிக் குன்றைச் சுற்றினால் போதுமா?

சேலம் அண்ணன் (8:40): அம்மான், அதற்கு உங்கள் ஊர்ச் சாலைதான் சரி. தேவகோட்டையிலிருந்து தொண்டிப் பக்கம் கடல் காற்று எதிரே அடிக்கும்போது இரண்டு மணி நேரம் ஒரே மிதியில் போகட்டும். எதிர்காற்றில் நடுவே ஓய்வு கிடையாது, ஏற்றமும் அப்படித்தான். மாதம் ஒருமுறை நத்தம் வழியாகத் திண்டுக்கல் போய்ச் சிறுமலை ஏறட்டும். அங்கே 18 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டில் 20. கொல்லிமலையின் 70 வளைவெல்லாம் அடுத்த வருடம் பார்க்கலாம்.

தேவகோட்டை அம்மான் (8:44): தொண்டிச் சாலையில் இருபது வயதில் நானும் மிதித்திருக்கிறேன். அந்தக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஞாயிறு காலை வா தம்பி, நான் வண்டியில் பின்னாலேயே வருகிறேன்.

சென்னை ஆச்சி (9:20): ஏறுவது சரி. இறங்கும்போதுதான் எனக்குப் பயம். பிரேக் நன்றாகப் பிடிக்குமா?

சேலம் அண்ணன் (9:31): டிஸ்க் என்பதால் மழையிலும் பிடிக்கும் ஆச்சி. ஆனால் இறக்கம் முழுக்கப் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வரக்கூடாது, சூடேறும். நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். முத்து, ஏறும்போது ஒன்று கவனி. இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்பக்கம் மாட்டிக்கொள்வோம், செங்குத்து அங்கேதான். வளைவுக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே லேசான கியருக்கு வந்துவிடு. உள்ளே போய் அழுத்தத்தோடு மாற்றினால் செயின் கழன்றுவிடும். எனக்கு அப்படித்தான் மூன்றாவது வளைவில் கழன்றது. ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடலிலிருந்து காலை எடுக்கத் தெரியாமல் அப்படியே சாய்ந்தேன். பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் நிறுத்திக்கொண்டதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

முத்து (9:35): அதைத்தான் கேட்க வந்தேன் அண்ணே. கடைக்காரர் மூன்று போல்ட் கிளீட் (ஷூவின் அடியில் மாட்டிப் பெடலில் பூட்டும் துண்டு) பெடல்தான் ரோடு பைக்குக்கு என்கிறார்.

சேலம் அண்ணன் (9:50): பந்தயக்காரர்களுக்கு அது. உனக்கு முதல் மாதம் சாதா ஃப்ளாட் பெடல் போதும். அப்புறம் ஷிமானோ கம்பெனியின் எஸ்பிடி பெடல், இரண்டு போல்ட் கிளீட் வகை வாங்கு. கிளீட் சிறியது, ஷூவின் அடியில் உள்ளே புதைந்திருக்கும், இறங்கி நடக்கலாம். பெடலில் இறுக்கத்தைக் குறைக்கச் சிறு திருகு உண்டு, அதை நன்றாகத் தளர்த்தி வை. எஸ்எச்56 கிளீட் கேட்டு வாங்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் கால் வெளியே வந்துவிடும். மூன்று போல்ட் கிளீட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக். நம் செம்மண்ணில் மழைக்குப் பிறகு ஒரு தடவை கால் ஊன்றினால் போதும், மண் அப்பிக்கொண்டு பெடலில் ஏறாது. பின்னால் அதற்கே போவதானாலும் ஷிமானோவின் மஞ்சள் கிளீட் வாங்கு, பாதம் 6 டிகிரி அசைய இடம் தரும். சிவப்பில் அசைவே கிடையாது, முழங்காலுக்கு ஆகாது.

சென்னை ஆச்சி (9:58): அப்பத்தாவிடம் போனில் இதைப் படித்துக்காட்டினேன். அந்த ஷூவோடு ஆத்தங்குடிக் கல்லில் நடக்கவே கூடாது என்கிறார்கள். வழுக்கிவிழுவானாம், கல்லும் கீறிப்போகுமாம்.

சேலம் அண்ணன் (10:04): அப்பத்தா சொல்வது சரிதான். வாசலிலேயே கழற்றிவிடு, முத்து.

முத்து (10:06): சரி அண்ணே, சரி அப்பத்தா. அப்பச்சியிடம் பேசிவிட்டேன், அலுமினியமே முடிவு.

ஞாயிற்றுக்கிழமை, மூன்று வாரம் கழித்து

முத்து (மாலை 5:15): எஸ்பிடி பெடல் வந்துவிட்டது. வலது மாட்டிவிட்டேன். இடது மட்டும் ஏறமாட்டேன் என்கிறது.

சேலம் அண்ணன் (5:17): நிறுத்து! இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். முன்னால், சைக்கிள் போகும் திசையில் சுற்றினால் இரண்டு பக்கமும் இறுகும். எனக்குப் பழைய சைக்கிளில் ஒரு கடையில் பலவந்தமாக முறுக்கி கிராங்கையே வீணடித்துவிட்டார்கள். மரையில் கிரீஸ் தடவி, முதல் இரண்டு சுற்றைக் கையாலேயே சுற்று.

முத்து (5:26): ஏறிவிட்டது அண்ணே!

சேலம் அண்ணன் (5:28): நல்லது. இன்றைக்கே ரோட்டுக்குப் போகாதே. வளவில் தூண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்கார். மாட்டு, குதிகாலை வெளியே திருப்பிக் கழற்று. ஒவ்வொரு காலுக்கும் ஐம்பது தடவை. நினைக்காமலே கால் திரும்ப வேண்டும், அதுவரைக்கும் பழகு.

சென்னை ஆச்சி (5:40): அப்பத்தா உடனே சொல்லச் சொன்னார்கள். தேக்குத் தூணுக்கு நேற்றுதான் எண்ணெய் தேய்த்திருக்கிறதாம், கை வழுக்குமாம். துணியால் துடைத்துவிட்டுப் பிடி, முத்து.