குதிரை பராமரிப்பு கற்க நல்ல இடம் சொல்லுங்களேன்
வணக்கம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய் வந்ததிலிருந்து ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு வேறு நினைப்பே இல்லை. சவாரி மட்டும் போதாதாம். குளம்பு பார்ப்பது, லாடம், தீவனம் எல்லாம் பழக வேண்டுமாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து என்று எனக்கே அவள்தான் சொல்லித் தந்தாள். போன மாதம் ஓரிடத்தில் சேர்த்தோம். தலைக்கவசம்கூட இல்லாமல் ஏற்றிவிட்டார்கள், அன்றே நிறுத்திவிட்டேன். ஈரோடு, கோவை பக்கம் லாயத்தில் கூட நின்று வேலை பழக விடுபவர்கள் யாராவது உண்டா? அப்புறம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் இருந்தால், குதிரை வைத்தியத்தில் அங்கே எவ்வளவு நேரடிப் பயிற்சி கிடைக்கும் என்று சொல்லுங்கள். இப்போதே விசாரித்து வைக்க நினைக்கிறேன்.