கைதட்டல் யாருக்கு? பூனைக்கா, எலிக்கா?

கல்லடி வாசன்:
டொம் அண்ட் ஜெரி வரிசையில் 1947இல் வெளிவந்த ‘தி கேட் கான்சர்ட்டோ’ என்ற கார்ட்டூன் படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதினார். அதுவரை சரி. கூடவே, முடிவில் பூனை டொம்மின் பியானோ வாசிப்புக்குக் கைதட்டல் கிடைக்கிறது என்றும் எழுதிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பூனை களைத்துச் சரிந்துவிடுகிறது. கடைசிப் பகுதியை வாசிப்பது எலி ஜெரி. விளக்கொளி விழுவதும் எலிமேல். கைதட்டல் எலிக்கு!

வாவிக்கரையான்:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். இசையமைப்பாளர் லிஸ்ட்டின் பியானோ இசையான இரண்டாவது ஹங்கேரிய ராப்சடியைத் தொடக்கத்திலிருந்து வாசித்தது யார்? பியானோவுக்குள் படுத்திருந்த எலி எழுந்து செய்த அட்டகாசம் அத்தனையையும் பொறுத்து, கைகளால் எலியைத் தேடிக்கொண்டே கால்களால் வாசித்தது யார்? கைதட்டல் அந்தப் பூனைக்கு உரியது.

கல்லடி வாசன்:
உரியது வேறு, கிடைத்தது வேறு. கிடைத்தது எலிக்கு.

காரைதீவு டீச்சர்:
என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். எட்டு நிமிடம்கூட இல்லை, பேச்சே கிடையாது, யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எலி பியானோவின் சில கட்டைகளை எடுத்துவிட்டு அங்கே எலிப்பொறியை வைக்கிறது. பூனையின் விரல் பொறியின் இருபுறமும் ஓடி ஓடித் தப்பி, கடைசியில் சிக்குகிறது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அசைவையும் சுரத்தோடு பொருத்திய ஸ்கொட் பிராட்லியின் இசையமைப்பைப் பற்றி உங்கள் இருவருக்கும் ஒரு சொல்கூட இல்லையா?

கல்லடி வாசன்:
இசையைப் பற்றித்தான் டீச்சர் பேசுகிறேன். பியானோவின் சுத்தியல்களைப் பிடுங்கித் தந்திகளில் அடித்து ராப்சடியை முடித்து வைப்பது எலி. ஆகவே கைதட்டலும் எலிக்கு.

தாழங்குடா மருமகன்:
எங்கள் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் ஆட்டக்காரன் தளர்ந்தால் கூத்தைப் பழக்கிய ஆசானான அண்ணாவியாரின் மத்தளம்தான் அவனைத் தூக்கி நிறுத்தும். அதற்காகக் கூத்து மேடையான களரியில் விடிய விடிய ஆடியவன் ஒன்றுமில்லாதவன் ஆகிவிடுவானா?

கல்லடி வாசன்:
அண்ணாவியாரை எலியாக்கிவிட்டீர்கள். மிக நல்லது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைப் படித்தால் மகிழ்ந்துபோவார்கள்.

தாழங்குடா மருமகன்:
நான் சொன்னது அதுவல்ல. கூத்தின் மற்ற மரபான தென்மோடியை மட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு இது விளங்காது.

காரைதீவு டீச்சர்:
தென்மோடியைக் குறைத்துப் பேச உங்களுக்கு என்ன உரிமை, தம்பி?

கல்முனை ரசிகன்:
பெரிய சண்டை வேறு இருக்கிறது. வார்னர் நிறுவனம் 1946 இறுதியிலேயே பக்ஸ் பன்னி என்ற முயலை அதே ராப்சடியை வாசிக்கவைத்து ‘ராப்சடி ராபிட்’ என்று வெளியிட்டது. அதிலும் ஓர் எலி. யார் யாரைப் பார்த்து எடுத்தது என்று இரு தரப்பும் குற்றம் சாட்டிக்கொண்டன. ஒஸ்கார் பூனைப் படத்துக்குப் போனது.

வாவிக்கரையான்:
கேட்டீர்களா? ஒஸ்கார் பூனைக்கு!

கல்லடி வாசன்:
படத்துக்கு. அந்தப் படத்தில்தான் எலியும் இருக்கிறது. ஒஸ்காரைக் காட்டி என்னை மடக்க முடியாது. கடைசிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வணங்குவது யார்? எலி.

வாவிக்கரையான்:
மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான். வாவியில் பாடுவது மீனல்ல, ஓட்டுக்குள் வாழும் ஊரி என்று ஒரே வரியை வைத்துக்கொண்டு எல்லோரையும் வாயடைத்தீர்கள். நான் மறக்கவில்லை.

கல்லடி வாசன்:
இப்போதும் சொல்கிறேன், ஊரிதான்.

கல்முனை ரசிகன்:
முயல் படத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

வாவிக்கரையான்:
முயலை விடுங்கள். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்கு வரச் சொல்லுங்கள் இவரை. துடுப்பைத் தண்ணீரில் வைத்துக் காதைக் கொடுக்கட்டும், பிறகு ஊரியா மீனா என்று பேசலாம்.

கல்லடி வாசன்:
பாலத்தடியில் பிறந்தவனுக்கு அழைப்பா? வருகிறேன். அதற்குமுன் நேற்று எழுதிய வரியைத் திருத்துங்கள். கைதட்டல் எலிக்கு.

வாவிக்கரையான்:
ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன்.